சீட்டுக் கிழிந்த பிறகு...

எங்கள் எதிர்வீட்டு அம்மாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். அவர் கணவர் மத்திய சர்க்கார் காரியாலயம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அந்தக் காரியாலயத்தின் பெயரும் வேண்டாம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சீட்டுக் கிழிந்துவிட்டது. தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது லீவு எழுதிக் கொடுக்காமலே மாதக்கணக்கில் ஆபீஸ் போகாமல் இருந்தார். விசாரணைக்கு வரச் சொல்லி வந்த கடிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் வந்த கடிதத்தை மட்டும் பிரித்தார். அது டிஸ்மிஸ் உத்தரவு.

அதை நாலாக மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம்: "எனக்கு இனிமேல் அங்கே சல்லிக்காசு கிடையாது. இதைப் பற்றி என்னிடம் கேட்காதே."

அந்த அம்மாள் கேட்கவில்லை. பதினாலு வருஷம் கேட்கவில்லை. அப்பளம் இட்டார், அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார், பெண்ணைப் படிக்க வைத்தார். கணவர் ஒரு பெயிண்டுக் கடையில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தார். சென்ற வருஷம் ஒரு நாள் மத்தியானம், அந்த மடித்த காகிதத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீ பத்திரிகையிலே எழுதறவனாச்சே. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. சல்லிக்காசு கிடையாதுன்னு இதிலே எங்கே எழுதியிருக்கு?"

படித்தேன். மறுபடியும் படித்தேன். அப்படி அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை!

வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று மட்டும்தான் இருந்தது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். சர்க்கார் ஊழியர் வழக்குகளிலேயே தலை நரைத்தவர் அவர். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்த தீர்ப்புகளையும்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். "எங்கள் வீட்டில் யாரும் சர்க்கார் உத்தியோகத்தில் இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தங்கை வீட்டில் இருக்கலாம், எதிர்வீட்டில் இருக்கலாம்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "டிஸ்மிஸா, ரிமூவலா, கட்டாய ஓய்வா?"

"எல்லாம் ஒன்றுதானே சார்? வேலை போய்விட்டது!" என்றேன்.

"வேலை போவது ஒன்றுதான். வீட்டுக்கு வருகிற பணம் ஒன்றல்ல" என்றார்.

கட்டாய ஓய்வு என்பது தண்டனையாகக் கொடுக்கப்பட்டாலும் அது ஓய்வுதான். பென்ஷன் உண்டு. மத்திய சர்க்கார் விதிப்படி, கணக்குப் போட்டு வருகிற பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கணவர் காலமானால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷனும் உண்டு. ரிமூவலும் டிஸ்மிஸும் அப்படி அல்ல. அதுவரை செய்த சேவை முழுவதும் கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. இருபது வருஷம் உழைத்தவரும் உழைக்காதவர் ஆகிவிடுகிறார். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, சேர்த்து வைத்த லீவுக்கும் காசு இல்லை. இந்த இரண்டுக்குள் வித்தியாசம், ரிமூவல் ஆனவர் மறுபடி சர்க்கார் வேலைக்கு மனுப் போடலாம், டிஸ்மிஸ் ஆனவர் சாதாரணமாகப் போட முடியாது என்பதுதான். அதனால்தான் குற்றம் உண்மையாகவே இருக்கும் வழக்குகளில்கூட, "தண்டனையைக் கட்டாய ஓய்வாகக் குறையுங்கள்" என்று வக்கீல்கள் மன்றாடுகிறார்கள். அந்த மன்றாட்டு, வழக்காடும் மனிதருக்காக அல்ல. வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்காக என்றே எனக்குத் தோன்றுகிறது.

"அப்படியானால் அவர் சொன்னது சரிதானே? சல்லிக்காசு கிடையாதுதானே?" என்று கேட்டேன்.

"பிராவிடண்ட் பண்டு என்ன ஆயிற்று?" என்று திருப்பிக் கேட்டார் வக்கீல்.

அந்தப் பணம் சர்க்கார் கொடுக்கிற பணமே அல்ல. மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்த அவருடைய சொந்தப் பணமும் அதன் வட்டியும். பொது வருங்கால வைப்பு நிதி என்று தமிழில் சொல்கிறார்கள். ஊழியர் எந்தக் காரணத்தால் வேலையை விட்டுப் போனாலும் அது அவருக்குச் சேர வேண்டியது. டிஸ்மிஸ் ஆனவருக்கும் உண்டு என்பதற்கு விதியிலேயே ஒரு வேடிக்கையான அத்தாட்சி இருக்கிறது: டிஸ்மிஸ் ஆனவர் பிற்பாடு மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டால், சர்க்கார் கேட்கும் பட்சத்தில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கொடுத்திருந்தால்தானே திருப்பிக் கேட்க முடியும்! கடன்காரர்கள்கூட அந்தத் தொகைமேல் கை வைக்க முடியாதபடி 1925-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று காவல் நிற்கிறது.

எதிர்வீட்டுக்காரர் அதை வாங்கவே இல்லை. மனுவே போடவில்லை. அவமானத்தில் அந்தக் கட்டடம் இருக்கும் தெருப்பக்கமே போகாத மனிதர் எப்படி மனுப் போடுவார்?

பென்ஷன் என்பது சர்க்கார் பார்த்துப் போடுகிற பிச்சை அல்ல என்று நாட்டுக்கு எடுத்துச் சொன்னது, பீஹாரில் கல்வி இலாகாவில் வேலை பார்த்த ஒருவரின் வழக்கு. தேவகிநந்தன் பிரசாத் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர். 1928-ல் உத்தியோகத்தில் சேர்ந்தவர். இலாகாவோடு அவருக்குப் பல வருஷத் தகராறு. 1966-ல் ஓர் உத்தரவு வந்தது: 'ஐந்து வருஷத்துக்கு மேல் வேலைக்கு வரவில்லை, ஆகையால் நீர் ஊழியரே அல்ல.' நீ என்ன சொல்கிறாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை. 1968-ல் பென்ஷனும் கிடையாது என்று இன்னோர் உத்தரவு. மனிதர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1971-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இரண்டு உத்தரவுகளையும் ரத்துச் செய்தது. விளக்கம் சொல்லச் சந்தர்ப்பம் தராமல் ஒருவரை வேலையிலிருந்து விலக்க முடியாது. பென்ஷன் சர்க்காரின் மனம்போல் கொடுப்பதும் நிறுத்துவதுமான தானம் அல்ல, அது ஊழியரின் உடைமை என்று தீர்ப்பாயிற்று.

இதிலிருந்து டிஸ்மிஸ் ஆனவர் எல்லோருக்கும் பென்ஷன் உண்டு என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. முறைப்படி விசாரித்து, விதிப்படி டிஸ்மிஸ் செய்தால் உடைமை போய்விடும். ஆனால் அதைப் பறிக்க ஒரு விதி வேண்டும். 2013-ல் ஜார்க்கண்ட் மாநிலத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதையே மறுபடியும் அழுத்திச் சொன்னது: விசாரணை நடக்கிறது, கிரிமினல் கேஸ் இருக்கிறது என்று சொல்லி, விதியில் இடமில்லாமல் பென்ஷனையோ கிராஜுவிட்டியையோ நிறுத்தி வைக்க முடியாது. 'மேலதிகாரி சொன்னார்' என்பது விதி ஆகாது.

போக்குவரத்துக் கழகம், பொதுத்துறைக் கம்பெனி போன்ற இடங்களில் வேலை செய்தவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குக் கிராஜுவிட்டிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வேலை போன மாத்திரத்தில் அந்தப் பணம் போய்விடாது. சொத்துக்கு நஷ்டம் விளைவித்திருந்தால் அந்த நஷ்டம் அளவுக்குப் பிடித்துக்கொள்ளலாம். அடிதடி, ஒழுக்கக்கேடான குற்றம் என்றால் முழுவதுமோ ஒரு பகுதியோ நிறுத்தலாம். வெறுமனே வேலைக்கு வராமல் இருந்ததற்காகக் கிராஜுவிட்டியைப் பறிக்க அந்தச் சட்டத்தில் இடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வக்கீல் அடுத்தபடி சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "கருணைப்படி கேட்டிருக்கிறார்களா?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டிஸ்மிஸ் ஆனவருக்கும் ரிமூவல் ஆனவருக்கும், அவருடைய நிலைமை இரக்கத்துக்கு உரியதாக இருந்தால், வந்திருக்கக்கூடிய பென்ஷன், கிராஜுவிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு வரையில் படியாகக் கொடுக்கலாம் என்று மத்திய சர்க்கார் பென்ஷன் விதிகளிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு ஓய்வூதிய விதிகளிலும் கருணைப்படி உண்டு.

'கருணை' என்று பெயர் வைத்துவிட்டதால், அதிகாரிகளுக்கு ஒரு சௌகரியம். "நீர் பெருங்குற்றம் செய்தவர், உமக்கு ஏது கருணை?" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். டில்லிப் போலீஸ்காரர் ஒருவருக்கு அப்படித்தான் முடித்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சேவை. பல தடவை பாராட்டு வாங்கியவர். நெடுநாள் வேலைக்கு வராததால் டிஸ்மிஸ். 2014-ல் சுப்ரீம் கோர்ட் அவர் வழக்கில் சொன்னதைப் பாருங்கள். டிஸ்மிஸ் என்பதே பெருங்குற்றத்துக்குத்தான் கொடுக்கிற தண்டனை. அந்தக் குற்றத்தையே மறுபடி காட்டிக் கருணைப்படியை மறுத்தால், அந்த விதி யாருக்கென்றுதான் இருக்கிறது? குற்றம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். லஞ்சமா, மோசடியா, பிறரைக் கெடுத்துத் தான் வாழ்ந்தாரா? அப்படியானால் மறுக்கலாம். அப்படி இல்லாத குற்றங்களுக்கு மனம் திறந்து யோசிக்க வேண்டும் என்று சொல்லி, அந்த மனுவை மீண்டும் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது.

இதில் பெண்களுக்கு முக்கியமான சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது. மத்திய சர்க்கார் விதிப்படி, கருணைப்படி வாங்கிக்கொண்டிருப்பவர் காலமானால் அவர் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு. கருணைப்படி இல்லாத டிஸ்மிஸ் ஊழியரின் மனைவிக்கு அது கிடையாது. ஆகவே, "எனக்கு அந்தப் பிச்சை வேண்டாம்" என்று கணவர் ரோஷப்பட்டால், அந்த ரோஷத்துக்கு விலை கொடுக்கப் போகிறவர் அவர் அல்ல.

விசாரணை முடிந்து உத்தரவு வருவதற்குமுன் ஊழியர் இறந்துவிட்டால், இலாகா விசாரணை அத்தோடு முடிந்துவிடுகிறது. இறந்தவரை டிஸ்மிஸ் செய்ய முடியாதல்லவா? குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர வேண்டும். 'கேஸ் நிலுவையில் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வேலை போவதற்கு முந்தைய கட்டம் ஒன்று உண்டே, சஸ்பென்ஷன்! அப்போது பிழைப்பூதியம் என்று பாதிச் சம்பளம் போல ஒரு தொகை கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தால் அதைக் கூட்டலாம். பல இடங்களில் இதைக் கொடுக்காமலே விசாரணை நடத்துவார்கள். மத்தியப் பிரதேசத்தில் காட்டிலாகா ரேஞ்சர் ஒருவர். விசாரணை நடந்த இடமோ அவர் இருந்த ஊருக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். பிழைப்பூதியம் வராததால் போய்வரக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரித்து வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். 1973-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. மகாராஷ்டிரத்தில் இன்னும் விசித்திரமான விதி ஒன்று இருந்தது: தண்டனை அடைந்து அப்பீல் செய்திருக்கும் ஊழியருக்குப் பிழைப்பூதியம் மாதம் ஒரு ரூபாய்! ஒரு ரூபாயில் எந்தக் குடும்பம் பிழைக்கும்? 1983-ல் அந்த விதியே அடிபட்டுப் போயிற்று.

நம் தமிழர்கள் நிறைய வாழ்ந்த கோலார் தங்கவயலிலும் இப்படி ஒரு வழக்கு. அங்கே சுரங்கக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரைச் சஸ்பெண்டு செய்து, பிழைப்பூதியம் கொடுக்காமல், அவர் வராமலே விசாரணையை முடித்து, 1986-ல் டிஸ்மிஸ் செய்தார்கள். அதே விஷயத்தில் கிரிமினல் கோர்ட் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. ஆனாலும் வேலையும் சம்பளப் பாக்கியும் சுப்ரீம் கோர்ட்டில் கிடைத்தது 1999-ல். பதின்மூன்று வருஷம்! தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். அந்தப் பதின்மூன்று வருஷம் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று தீர்ப்பில் எழுத இடம் கிடையாது.

டிஸ்மிஸ் தனி மனிதருக்கு வருகிற வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்த நமக்கு, 2003 ஜூலையில் அது கொள்ளைநோய் போல வந்தது நினைவிருக்கும். பென்ஷன் முதலான சலுகைகளைச் சர்க்கார் குறைத்தது என்று தமிழ்நாட்டு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டம் பிறந்தது. விசாரணை என்ற பேச்சே இல்லாமல் சுமார் 1,70,000 பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. அந்த மாதம் எங்கள் தெருவில் மூன்று வீட்டு வாத்தியாரம்மாக்கள் பால்காரரிடம் கணக்கைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். ஹைகோர்ட்டில், "நிர்வாக டிரிப்யூனலுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை ஆயிரம் பேரின் வழக்கை அந்த டிரிப்யூனல் எப்படித் தாங்கும்? விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வேலைநிறுத்தம் செய்ய ஊழியருக்குச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று ஆகஸ்டு 6-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஊழியர்களுக்கு அது கசப்புத்தான். ஆனால் அதே வழக்கில்தான், மன்னிப்புக் கேட்டு உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சர்க்கார் சம்மதித்தது. மீதி 6,072 பேரின் வழக்குகளைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் நியமிக்கப்பட்டார்கள்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டால் கதை முடிந்ததா? சாலைப் பணியாளர்களைக் கேளுங்கள். சுமார் பத்தாயிரம் பேர். 2002 செப்டம்பரில் வேலை போயிற்று. 2006 பிப்ரவரியில் திரும்பி வந்தது. நடுவே 41 மாதங்கள். அந்த 41 மாதத்தை வேலை செய்த காலமாகக் கணக்கில் சேருங்கள் என்று அவர்கள் ஊர்வலமாகவும் கோர்ட் வழியாகவும் வருஷக்கணக்கில் கேட்டு வந்தார்கள். சேர்த்தால் சம்பள உயர்வும் ஓய்வுக்காலப் பணமும் ஒரு மாதிரி. சேர்க்காவிட்டால் வேறு மாதிரி. ஆகவே கோர்ட்டில் ஜெயிக்கும்போது 'வேலை கொடு' என்ற வார்த்தையோடு திருப்திப்படக் கூடாது. இடைக்காலச் சம்பளம் உண்டா, சேவைத் தொடர்ச்சி உண்டா என்பவை தீர்ப்பில் வர வேண்டும்.

இடைக்காலச் சம்பளம் தானாக வந்துவிடாது. "வேறெங்கும் சம்பாதிக்கவில்லை" என்று ஊழியர் முதலில் சொல்ல வேண்டும். பிறகு "இல்லை, சம்பாதித்தார்" என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. இதைத் தெளிவாக்கியது 2013-ல் மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவரின் வழக்கு. அவர் வேலை பார்த்தது தனியார் பள்ளிதான். நிர்வாகம் கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்ததற்காக அவருக்கு மெமோவுக்கு மேல் மெமோ வந்து, கடைசியில் வேலையே போயிற்று. தப்பாக வேலையைப் பறித்தால் பின்சம்பளத்தோடு திருப்பிக் கொடுப்பதுதான் சாதாரண நியாயம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அப்பளம் விற்ற காசும் தைத்த காசும் சம்பாத்தியமா என்று எதிர்வீட்டு அம்மாள் என்னைக் கேட்டார். அது அவர் சம்பாத்தியம், கணவருடையதல்ல என்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மத்திய சர்க்கார் ஊழியர்களின் டிரிப்யூனலுக்குப் போகக் கெடு ஒரு வருஷம். அப்பீல் கொடுத்து ஆறு மாதம் பதில் வராவிட்டால், அங்கிருந்து ஒரு வருஷம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். தமிழ்நாட்டு மாநில ஊழியர்களுக்கு இருந்த தனி டிரிப்யூனல் 2006-ல் கலைக்கப்பட்டது. அதன்பின் அவர்கள் வழக்குகள் ஹைகோர்ட்டுக்கே போயின. மாதாமாதம் வர வேண்டிய பென்ஷன் மாதிரிப் பணத்துக்குத் தாமதம் முழுத்தடை அல்ல. ஆனால் அதற்கும் விலை உண்டு. 1983-ல் ராணுவத்திலிருந்து உடல்நலக் காரணத்தால் அனுப்பப்பட்ட ஒருவர், பதினாறு வருஷம் கழித்து 1999-ல் ஊனப் பென்ஷன் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் உண்டு என்றார்கள். பாக்கி? வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. மீதி வருஷங்கள் மௌனத்தில் கரைந்தவை.

2003-04-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்புத் திட்டம் வந்துவிட்டதால் அவர்கள் கணக்கே வேறு. அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வக்கீல் எனக்குச் சொன்ன யோசனை சிக்கலானதே அல்ல. எல்லாவற்றையும் ஒரே மனுவில் அழுது தீர்க்காதே என்றார். பிராவிடண்ட் பண்டுக்கு ஒரு மனு. கருணைப்படிக்கு ஒரு மனு. ஒவ்வொன்றும் ரிஜிஸ்தர் தபாலில், வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி அட்டையோடு. நியமன உத்தரவு, கடைசிச் சம்பளச் சீட்டு, பண்டுக் கணக்குச் சீட்டு, டிஸ்மிஸ் உத்தரவு இவற்றின் நகல்கள் வீட்டில் ஒரு பையில் இருக்க வேண்டும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கு, வருமான வரம்பு பார்க்காமல், சட்டப்பணி ஆணைக்குழு மூலம் இலவச உதவி கிடைக்கும். ஜில்லாக் கோர்ட் இருக்கும் இடத்திலேயே அதன் ஆபீஸும் இருக்கும்.

மனுக்களை எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. "போட மாட்டேன்" என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். நாலாம் நாள் அந்த அம்மாள், தைத்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு, "பதினாலு வருஷமா நீங்க கேட்காதேன்னீங்க, நான் கேட்கலை. இப்போ நான் ஒண்ணு கேட்கறேன்" என்றாராம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லையாம். அன்று சாயங்காலம் இரண்டு காகிதத்திலும் கையெழுத்து இருந்தது.

பிராவிடண்ட் பண்டுப் பணம் நாலு மாதத்தில் பாங்கியில் வந்து விழுந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அதில் அடைத்தார்கள். கருணைப்படி மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் இரண்டு போட்டாயிற்று. போன வாரம் அத்தாட்சி அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "இதிலே ரப்பர் ஸ்டாம்பு தேதி சரியா விழலையே, பரவாயில்லையா தம்பி?" என்று கேட்டது எதிர்வீட்டு அம்மாள் அல்ல. அவர் கணவர்.